64 பேருக்கு ஒரு கவுண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் டெக்சாஸில் லவிங் என்றொரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு), 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 64 பேராம். இவர்களுக்குத் தனியாக நீதிமன்றம், ஷெரிஃப் என்ற காவல் தலைவர் எல்லாம் எதற்கு? பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட்டால் என்ன?

மு.

அன்புள்ள மு.,

சேர்த்துப் பார்த்தாயிற்று. 1897-ல் டெக்சாஸ் சட்டமன்றம் அதைக் கலைத்து ரீவ்ஸ் கவுண்டியோடு இணைத்தது, 1931-ல் மறுபடி தனியாகப் பிரிந்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில் இரண்டு முறை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான்.

ஜனம் பெருகி உருவான கவுண்டி இல்லை அது. 1887-ல் டாம் கிரீன் கவுண்டியிலிருந்து வெட்டியெடுத்து எல்லைக்கோடு போட்டார்கள், அவ்வளவுதான். 1890 கணக்கெடுப்பில் அங்கே இருந்தது மூன்று பேர். பெயர்கூட ஆலிவர் லவிங் என்ற மாட்டு வியாபாரியுடையது. 1867-ல் பெக்கோஸ் ஆற்றை ஒட்டி மந்தை போய்க்கொண்டிருந்தபோது கொமான்சி பழங்குடியினர் தாக்கியதில் காயம்பட்டு, ஃபோர்ட் சம்னரில் புண் அழுகி இறந்தவர்.

வேடிக்கை 1893-ல்தான். டென்வர்காரர்கள் சிலர் ஒரு கால்வாய்க் கம்பெனி ஆரம்பித்து, பெக்கோஸ் தண்ணீரைத் திருப்பி அந்தப் பொட்டல்காட்டில் விவசாயம் பண்ணப் போகிறோம் என்றார்கள். கம்பெனிக்குத் தோதாக ஒரு கவுண்டி நிர்வாகமும் இருந்தால் வரி போடலாம், கடன் வாங்கலாம் இல்லையா? நிர்வாகம் அமைக்க 150 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் மூன்று பேர் இருந்த இடத்திலிருந்து 150 கையெழுத்தோடு மனு போனது! தேர்தலில் 83 ஓட்டு விழுந்ததாகக் கணக்கு, மென்டோன் என்ற ஊர் தலைநகர். கால்வாய்த் திட்டம் படுத்துவிட்டது, மோசடிப் புகார்கள் கிளம்பின, பதவியில் இருந்தவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அப்புறம்தான் அந்த 1897 கலைப்பு.

1921-ல் எண்ணெய் கிடைத்தது. ஆட்கள் வந்தார்கள், 1931-ல் கவுண்டி திரும்ப வந்தது, மென்டோனும் பழைய பெயரில் வேறொரு இடத்தில் முளைத்தது. எண்ணெய்க் கிணறுகளின் வரி ரீவ்ஸ் கஜானாவுக்குப் போவானேன் என்ற கணக்கு இதில் இல்லாமல் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

எனவே தலையை எண்ணிப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. முதல் முறை தண்ணீர் ஆசை, இரண்டாம் முறை எண்ணெய். அந்த எண்ணெய் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் போய் இணைப்பைப் பற்றிப் பேசினால் 64 பேரில் ஒருவராவது கைதூக்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.