எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு போர்ப் பதக்கம் கோரலாமா?

கேள்வி: என் தந்தையார் வெள்ளவத்தையில் என்னோடு வசிக்கிறார், அவருக்கு நூறு வயது நெருங்குகிறது. 1943 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வயதைச் சற்றுக் கூட்டிச் சொல்லி, பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்து, வழங்கல் பிரிவான றோயல் ஆமி சேர்விஸ் கோரில் லொறிச் சாரதியாகக் கொழும்பில் சேர்ந்தார். எகிப்திலும் பின்னர் இத்தாலியிலும் வேலை செய்து 1946 இல் திரும்பினார். பதக்கம் எதுவும் அவருக்கு வரவில்லை. புறக்கோட்டையில் ஒருவர், 85,000 ரூபாய் முற்பணமும், படையிலிருந்து விடுவிக்கும்போது அப்பாவுக்குக் கொடுத்த ரிலீஸ் புத்தகமும் தந்தால், ஆபிரிக்க நட்சத்திரம் உட்பட ஆறு பதக்கங்களை இரண்டு மாதத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அவற்றைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு லண்டன் விசாவும் எடுக்கலாமாம். இதை நம்பலாமா? அப்பாவோடு சேவை செய்த நண்பர் ஒருவரின் பதக்கங்கள் 1983 இல் வீட்டோடு எரிந்துபோயின. அவர் இப்போது இல்லை. அந்தக் குடும்பத்தினருக்கும் வழி உண்டா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், ரிலீஸ் புத்தகத்தை எந்தக் காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்தில் சேவை செய்து, தமக்குரிய பதக்கத்தை ஒருமுறையும் பெறாத ஒருவர் அதைக் கோருவதற்குக் காலக்கெடுவும் இல்லை, கட்டணமும் இல்லை. விண்ணப்பப் படிவம் பிரித்தானிய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதை நிரப்பிப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்குச் செலவாகப் போவது பிரதி எடுக்கும் காசும் தபால் முத்திரையும்தான். வீரச் செயலுக்கான விருதுகளை இப்போது புதிதாகக் கேட்க முடியாது, ஆனால் நீங்கள் கேட்பது அது அல்ல.

பதக்கம் வராமல் போனது உங்கள் தந்தையாரின் தவறும் அல்ல. போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பதக்கங்கள் தாமாக வீடு தேடி வரவில்லை. 1948 இல் படிவம் வெளியிட்டு, வேண்டியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். பிரித்தானியாவில் தபாலகத்துக்குப் போனவருக்கு அந்தப் படிவம் கைக்கு எட்டியிருக்கும். அதே ஆண்டு பெப்ரவரியில் சுதந்திரம் பெற்ற இலங்கையில், சீருடையைக் கழற்றிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு சாரதிக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? ஆளைச் சேர்க்கும்போது ஊர் ஊராக வந்தவர்கள், கொடுக்க வேண்டியதைக் கேட்டு வாங்கும் பொறுப்பை மட்டும் உழைத்தவன் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இத்தகைய கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இனி அந்த ஆறு பதக்கங்கள். ஆபிரிக்க நட்சத்திரத்துக்குரிய காலம் 1940 ஜூன் 10 இல் தொடங்கி 1943 மே 12 இல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் படையில் சேர்ந்த ஒருவர், எகிப்தில் எவ்வளவு காலம் லொறி ஓட்டியிருந்தாலும், அந்த நட்சத்திரத்துக்கு உரியவர் ஆகமாட்டார். தரகர் இதை அறியாமல் சொன்னாரா, அறிந்துகொண்டே சொன்னாரா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் தந்தையார் எதிர்பார்க்கக்கூடியவை வேறு. 1943 ஜூன் 11 க்கும் 1945 மே 8 க்கும் இடையில் இத்தாலியில் போர்ப் பணியில் இருந்திருந்தால் இத்தாலி நட்சத்திரம் கிடைக்கும். அந்தப் பணி 180 நாட்களை எட்டியிருந்தால் 1939-45 நட்சத்திரமும் உண்டு. முழுநேரச் சேவையில் 28 நாட்கள் இருந்தாலே "போர்ப் பதக்கம் 1939-45" என்ற பதக்கத்துக்குப் போதும். அதில் சந்தேகமே இல்லை. பாதுகாப்புப் பதக்கம் அவர் எகிப்தில் இருந்த நாட்களைப் பொறுத்தது, ஆகவே பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆக மூன்று அல்லது நான்கு வரக்கூடும், ஆறு வராது.

அப்படியானால் ஆறு பதக்கங்களை அவர் எங்கிருந்து கொண்டுவருவார் என்று நீங்கள் கேட்கலாம். வாசகர்கள் மீண்டும் மீண்டும் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாம் உலகப் போரின் பதக்கங்களில் பெற்றவரின் பெயரும் இலக்கமும் விளிம்பிலோ பின்புறத்திலோ பொறிக்கப்பட்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்தினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களும் போர்ப் பதக்கமும் பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டன. ஒரு ரூபாய்க் குற்றியைப் பார்த்து அது யாருடைய சட்டைப் பையில் இருந்தது என்று சொல்ல முடியாதது போல, அந்தப் பதக்கத்தைப் பார்த்து அது யாருக்கு வழங்கப்பட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டவை ஆதலால் பழம்பொருள் வியாபாரிகளிடமும் இணையத்திலும் அவை மலிவாகக் கிடைக்கின்றன. தரகர் நான்கைந்தை வாங்கி, புதிய நாடா கட்டி, பெட்டியில் வைத்து, "லண்டனிலிருந்து வந்துவிட்டது ஐயா" என்று உங்கள் கையில் தருவார். அவை போலி அல்ல, உண்மையான பதக்கங்களே. ஆனால் உங்கள் தந்தையாருக்கு வழங்கப்பட்டவை அல்ல, அவருடைய பெயருக்கு எதிரே பதக்க அலுவலகம் எதையும் பதிந்திருக்காது. அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது பின்னால் வரும் என்பார்.

இதைவிட மோசமான ஒரு வகையினரும் உண்டு. இவர்கள் உண்மையாகவே விண்ணப்பிப்பார்கள், ஆனால் திருப்பி அனுப்பும் முகவரியாகத் தங்கள் முகவரியை எழுதிவிடுவார்கள். பதக்கம் வந்ததும் "மீதிப் பணம்" என்று தொடங்கும். ரிலீஸ் புத்தகத்தைக் கேட்பதும் இதற்காகத்தான். மூலப் பத்திரம் அவர் மேசை லாச்சியில் இருக்கும்வரை நீங்கள் பேரம் பேச முடியாது. சிலர் விடயம் விளங்காமலோ விளங்கியோ, படிவத்தில் "பதக்கம் தொலைந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் உங்கள் தந்தையாரின் விண்ணப்பத்தை முதல்முறை கோருபவர்களின் வரிசையிலிருந்து தூக்கி, மாற்றுப் பதக்கம் கேட்பவர்களின் வரிசையில் போட்டுவிடும். அங்கே கட்டணமும் உண்டு, ஆதாரமும் கேட்பார்கள். ஆகவே எவர் நிரப்பித் தந்தாலும், ஒப்பமிடுவதற்கு முன் அந்தப் பகுதியை நீங்களே வாசியுங்கள். "ஒருபோதும் பெறவில்லை" என்பதே உங்கள் வழக்கு.

விசாக் கதையை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடலாம். பூர்வீக வழியில் கொடுக்கப்படும் பிரித்தானிய விசாவுக்குப் பாட்டனோ பாட்டியோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அந்நாட்டுக்காகப் போரிட்டிருப்பது கணக்கில் வராது. பதக்கத்தோடு ஓய்வூதியமும் வராது.

படிவத்தில் சேவை இலக்கம், முழுப் பெயர், பிறந்த திகதி, பிரிவு, சேர்ந்த காலம், விடுவிக்கப்பட்ட காலம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றில் முக்கியமானது இலக்கம். ரிலீஸ் புத்தகத்தில் உள்ளபடி, முன்னால் எழுத்து ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, அப்படியே எழுதுங்கள். புத்தகத்தின் தெளிவான பிரதிகளை இணையுங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தது பெரிய விடயம் அல்ல. அக்காலத்தில் பலர் செய்தார்கள், அதற்காக இன்று எவரும் வழக்குப் போடப் போவதில்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியையும் படையில் கொடுத்த திகதியையும் இரண்டையும் எழுதி, ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

பெயர் அதைவிடப் பெரிய தலையிடி. நம்மவர் பெயரில் தந்தையின் பெயர் முன்னால் வரும். ஆங்கிலேய எழுதுவினைஞர் அதைச் சொந்தப் பெயர் என்று எண்ணியோ, குடும்பப் பெயர் என்று எண்ணியோ தம் விருப்பப்படி பதிந்திருப்பார். ஞானசேகரம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ரிலீஸ் புத்தகத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே முதலில் எழுதி, இன்றைய அடையாள அட்டையில் உள்ளதை அடுத்து எழுதுங்கள். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைத்தால் போதும். இதற்கென்று சட்டத்தரணிக்குப் பெருந்தொகை கொடுக்கத் தேவையில்லை.

ரிலீஸ் புத்தகத்தில் ஏதும் தெளிவில்லை என்றால், உங்கள் தந்தையார் உயிரோடு இருப்பதால், தம்முடைய சேவைப் பதிவேட்டின் பிரதியைத் தாமே இலவசமாகக் கேட்டுப் பெறலாம். ஆனால் 2022 முதல் பழைய படைப் பதிவேடுகள் ஏறத்தாழ 97 இலட்சத்தைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை. ஒரு கோவை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதே அவர்களுக்குச் சிக்கலாக இருக்கும்போது, நூறு வயது மனிதரைப் பொறுமையாக இருங்கள் என்று எழுதுவதில் அவர்களுக்குச் சிரமம் இருப்பதில்லை. விண்ணப்பத்துடன் அனுப்பும் கடிதத்தின் முதல் வரியிலேயே அவருடைய வயதைக் குறிப்பிட்டு, முன்னுரிமை கேளுங்கள். ஒப்பம் இயன்றவரை அவருடைய கையொப்பமாகவே இருக்கட்டும். அவர் காலமான பின்பு என்றால் உரித்து முதலில் மனைவிக்கும், அடுத்து மூத்த பிள்ளைக்கும் போகும். அந்தப் பிள்ளை கனடாவில் இருந்தால் அங்கிருந்து அனுமதிக் கடிதம் வரவேண்டும். இன்று ஒரு ஒப்பத்தோடு முடிகின்ற காரியம் அது.

மேலே சொன்னது பிரித்தானிய இராணுவப் பிரிவில் இருந்தவர்களுக்கானது. இலங்கை இலகு காலாட்படை போன்ற இலங்கைப் பாதுகாப்புப் படையின் பிரிவுகளில் இருந்தவர்கள் இலங்கை இராணுவத் தலைமையகத்தில் விசாரித்துத் தொடங்க வேண்டும்.

நண்பரின் குடும்பத்தினருடைய விடயம் வேறு. அவருக்குப் பதக்கம் ஒருமுறை வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே அவர்கள் கேட்கப்போவது மாற்றுப் பதக்கம். சும்மா தொலைந்துபோனது என்றால் கொடுக்கமாட்டார்கள். களவு போயிருந்தால் அல்லது தீ, வெள்ளம் போன்றவற்றால் அழிந்திருந்தால் மட்டும், ஆதாரத்தோடு, கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுப்பார்கள். 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட வீடு தீயினால் ஏற்பட்ட அழிவுதான், எனவே விதியின்படி அவர்களுக்கு இடமுண்டு. ஆதாரமாக எதிர்பார்க்கப்படுவது பொலிஸ் முறைப்பாடு அல்லது காப்புறுதிக் கோரிக்கை. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின் மதிலால் ஏறிக் குதித்து ஓடியவர், போகிற வழியில் பொலிஸ் நிலையத்தில் இறங்கி முறைப்பாட்டுப் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொண்டுதான் அகதி முகாமுக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு விதியைப் பற்றி நான் என்ன சொல்வது? அன்று பொலிஸார் எங்கே நின்றார்கள் என்பது கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். காப்புறுதி எல்லாரிடமும் இருக்கவும் இல்லை.

ஆனாலும் கைவிடத் தேவையில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலோ சரஸ்வதி மண்டபத்திலோ தங்கியிருந்ததைக் காட்டும் பதிவு, யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டபோது கொடுத்த துண்டு, பின்னாளில் நட்டஈட்டுக்கு விண்ணப்பித்த படிவத்தின் பிரதி, அதற்கு வந்த பதில், கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று எது மிஞ்சியிருந்தாலும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்தில் வீட்டின் முகவரியும் எரிந்த திகதியும் இருந்தால் அதற்கு நிறை அதிகம். பதக்கங்கள் அந்த வீட்டில் இருந்தன என்பதற்கு, அவர் அவற்றை அணிந்து எடுத்த பழைய படம் ஒன்று உறவினர் வீட்டு அல்பத்தில் இருக்கக்கூடும். இவற்றுடன், நடந்ததை நேரில் கண்டவர் ஒருவரின் சத்தியக் கடதாசியை இணைத்து, பொலிஸ் முறைப்பாடு ஏன் இல்லை என்பதைக் கோபமில்லாமல், ஆனால் மழுப்பாமல் கடிதத்தில் எழுத வேண்டும். ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இந்தக் குடும்பத்திடமும் தரகர் போவார். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒன்றைப் "பழைய திகதியில்" எடுத்துத் தருகிறேன் என்பார். அது போலிப் பத்திரம் தயாரிக்கும் குற்றம். மாட்டிக்கொள்ளப்போவது ஒப்பமிட்டவரே தவிர அவர் அல்ல.

உங்கள் தந்தையாரின் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முழு விண்ணப்பத்தின் பிரதியையும் தபாலகப் பற்றுச்சீட்டையும் ரிலீஸ் புத்தகத்தோடு ஒரே உறையில் வையுங்கள். பதில் வரச் சுணங்கினால் பற்றுச்சீட்டின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் எழுதலாம். திருப்பி அனுப்பும் முகவரியாக வெள்ளவத்தை வீட்டு முகவரியையே கொடுங்கள்.