ஆர்க்கெஸ்ட்ரா ஆசிரியர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் டெக்சஸில் வசிக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கும் என் மகள், உயர்நிலைப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ரா ஆசிரியராகப் போவதாகச் சொல்கிறாள். ஊரிலிருக்கும் என் அம்மா, 'கல்யாண வீட்டில் பாடுகிற ஆர்க்கெஸ்ட்ராவா?' என்று கேட்கிறார். எனக்கு வேறொரு சந்தேகம். மேடையில் வாசித்துப் பெயரெடுக்க முடியாதவர்கள்தானே பள்ளிக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் அம்மா கேட்டதில் தவறில்லை. நம்மூரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். உங்கள் மகள் சொல்வது, வயலினும் அதன் குடும்பத்து வாத்தியங்களான வயோலா, செல்லோ, டபுள் பேஸும் சேர்ந்து வாசிக்கும் மாணவர் குழுவை. உங்கள் சந்தேகத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஜோசப் மேடி, மினியாபொலிஸ் சிம்பொனி என்ற தொழில்முறை இசைக்குழுவில் வாசித்துவிட்டுத்தான் பள்ளிகளுக்கு வந்தார். இந்தியானாவின் ரிச்மண்ட் நகரப் பள்ளிகளில் இசையை மேற்பார்வையிட்ட அவர், 1926இல் டெட்ராய்ட்டில் தேசிய உயர்நிலைப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவைக் கூட்டினார். அந்த மாணவர்களுக்காக 1928இல் மிச்சிகனின் இண்டர்லாக்கனில் அவர் தொடங்கிய கோடை முகாம் இன்றும் நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, புதிதாகக் கற்கும் குழந்தைகளின் வகுப்பொன்றில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வாய்த்தது. முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். யாருடைய வாத்தியமும் சுருதியில் இல்லை. ஆசிரியை வரிசையாக நடந்து, ஒரு கையால் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிக்கொண்டே, இரண்டு வரிசை தள்ளியிருந்த பையனிடம், திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன் குதிரை சாய்ந்திருக்கிறது, தொடாதே, வருகிறேன்" என்றார். குதிரை என்பது தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு. அவர் ஒலியை வைத்தே அதைக் கண்டுபிடித்திருந்தார். நான் அதுவரை கேட்ட எந்தக் கச்சேரியிலும் அப்படியொரு காதைக் கண்டதில்லை.

வயலினின் தந்திகள், மேற்கத்திய சுரப் பெயர்களில், ஜி, டி, ஏ, ஈ. வயோலாவுக்கும் செல்லோவுக்கும் சி, ஜி, டி, ஏ. டபுள் பேஸுக்கோ ஈ, ஏ, டி, ஜி. நான்குக்கும் பொதுவானவை ஜி, டி, ஏ மட்டுமே என்பதால்தான் தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் டி தந்தியில் ஆரம்பிக்கின்றன. ஆனால் ஒரே சுரத்துக்கு விரல் வைக்கும் இடமும் கை நிற்கும் வாகும் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறக்கூடும். நான்கையும் தன் கையில் அறிந்தவரே ஒரே வகுப்பில் நால்வருக்கும் சொல்லித்தர முடியும். கச்சேரி வித்வானுக்குத் தன் ஒரு வாத்தியம் போதும்.

உங்கள் மாநிலத்துப் போட்டிகளில் முன்பின் பாராத இசைக்குறிப்பை வாசிக்கும் சுற்று ஒன்று உண்டு. உங்கள் மகளைக் கேட்டால் நடுக்கத்தோடு சொல்வாள். ஆசிரியர் சில நிமிடங்கள் வாயால் விளக்கலாம். அதுவரை ஒரு வில்லும் தந்தியைத் தொடக்கூடாது. பிறகு வாசித்தே தீரவேண்டும். நடுவர்கள் 1 முதல் 5 வரை தரமிடுவார்கள், 1தான் உயர்ந்தது. அந்தச் சில நிமிடங்களில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வில் ஓர் ஆசிரியரின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் மற்ற ஆசிரியர்களுக்கு உள்ளதுதான்; மாலைகளும் சனிக்கிழமைகளும் ஒத்திகைக்கே போய்விடும். அதை உங்கள் மகள் அறிந்தே இருப்பாள். அவள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள் என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும், ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சுருதி சேர்த்துக்கொடுக்க அவளுடைய ஆசிரியர் அனுமதிப்பாரா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து, கடைசி வரிசையில் இருக்கும் குழந்தையின் பெயரைச் சொல்லி அவள் வீட்டில் பேசுகிறாளா என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.