பழவேற்காடா, சூலூர்பேட்டையா?

கேள்வி: ஜனவரியில் பூநாரை பார்க்க பழவேற்காடு ஏரிக்குப் போக நினைக்கிறோம். வயதான மாமியார், இரண்டு பிள்ளைகள் உடன் வருகிறார்கள். படகில் போய், அப்படியே ஸ்ரீஹரிகோட்டா தீவையும் பார்த்துவிட முடியுமா? ஒரு நாள் போதுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தீவை மறந்துவிடுங்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளும் அந்த மணல் தீவில்தான் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. அனுமதியில்லாமல் நுழைய முடியாது.

பூநாரைக்கு ஏரியின் ஆந்திரப் பக்கமே வசதி. சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மாமியாருக்கு நடை மிச்சம். சாலை கிழக்கு மேற்காக ஓடுவதாலும், ஜனவரி வெயில் தெற்கே சாய்ந்திருப்பதாலும் வடபுறம் நிற்கும் பறவைகள்தான் நிறத்தோடு தெரியும். தென்புறத்தில் வெறும் கறுப்பு உருவங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும். பறவை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை அரித்துக்கொண்டிருந்தால் மேய்கிறது என்று பொருள். கழுத்தை நிமிர்த்திக் கூட்டமாக நகரத் தொடங்கினால் நீங்கள் நெருங்கியது அதிகம், பின்வாங்குங்கள்.

மழை நின்ற கையோடு போனால் ஏமாற்றமாகலாம். தண்ணீர் ஆழமாக நின்றால் அவற்றால் நின்று மேய முடியாது. நீர் வடிந்து சேறு தெரியும் ஜனவரி, பிப்ரவரிதான் சரி. ஏவுதல் நாளில் சாலையில் கெடுபிடி இருக்கும், தேதி பார்த்துக் கிளம்புங்கள். ரயிலென்றால் சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். பல வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். நேரம் மிஞ்சினால் வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளி நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். அங்கே மரத்தில் கூடுகட்டும் கூழைக்கடாக்களைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

பழவேற்காடு ஊரை வேறொரு நாளுக்கு வையுங்கள். நடுவில் ஏரி, சுற்றித்தான் வரவேண்டும். பொன்னேரியில் இறங்கினால் பஸ் உண்டு. டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு, பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கப் பக்கம் போகலாம்.

படகு மட்டும் வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரி ஆழமில்லைதான், ஆனால் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறும், ஏரிநீரும் கடலலையும் மோதும். கரையில் யாராவது கூப்பிட்டு விலை பேசினாலும் ஏறாதீர்கள்.