பயிற்சிக்கும் விடவில்லை, ஷிப்டையும் மாற்றவில்லை: ஒரே மனுவில் கேட்கலாமா?

கேள்வி: தமிழகத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் 2019 முதல் உதவி நூலகராக இருக்கிறேன். முனைவர் பட்டம் பெற்றவள். மகப்பேறு விடுப்பு முடிந்து போன மாதம்தான் பணிக்குத் திரும்பினேன். குழந்தைக்கு 13 மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். எனக்குப் பகல் 12 முதல் இரவு 8 வரை ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். காலை ஷிப்ட் கேட்டதற்கு, “எல்லாருக்கும் சுழற்சிதான், உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று பொறுப்பு நூலகர் வாயாலேயே மறுத்துவிட்டார். பதவி உயர்வுக்குத் தேவையான 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சிக்கு விடுப்புக்குப் போகும் முன் இரண்டு முறை தேர்வானேன். இரண்டு முறையும் ஆள் பற்றாக்குறை என்று ரிலீவ் செய்யவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் போய் வந்துவிட்டார்கள். இரண்டு குறையையும் சேர்த்து ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்கவா, நேராக நீதிமன்றம் போகவா?

பதில்: அந்த மனுவை அப்படியே கொடுக்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள். ஷிப்ட் மாற்றம் சலுகையாகக் கேட்பது, பயிற்சி பணி முன்னேற்றம் சார்ந்தது. இரண்டுக்கும் விதி வேறு, முடிவெடுக்கும் அதிகாரி வேறு, மறுத்தால் போகும் வழியும் வேறு. ஒரே தாளில் எழுதினால், “குழந்தையைக் காரணம் காட்டிச் சலுகை கேட்கிறார்” என்று ஒரே குறிப்பெழுதி மொத்தக் கோப்பையும் மூடிவிடுவார்கள். இப்படி மூடப்பட்ட கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணி நேரத்தை முதலில் பார்ப்போம், அதில்தான் அவசரம். ஊழியர் தன் வசதிக்கேற்ப வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுப் பெறும் பொதுவான உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கேட்கலாம் என்றாகிவிட்டது. அங்கேயும் அது கேட்கும் உரிமைதான், கேட்டது கிடைத்தே தீரும் என்பதில்லை. இங்கே யார் எந்த ஷிப்ட் என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்யும். வெறும் “காலை ஷிப்ட் வேண்டும்” என்ற கோரிக்கையோடு போனால் நீதிமன்றம் தலையிடாது.

ஆனால் உங்கள் கையில் வேறொரு சீட்டு இருக்கிறது. 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மகப்பேறு தொடர்பான பழைய உரிமைகள் பெரும்பாலும் அப்படியே இதிலும் தொடர்கின்றன. பணிக்குத் திரும்பிய தாய்க்கு, வழக்கமான இடைவேளை போக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளோடு வீட்டிலிருந்தும் வேலை செய்யலாம். உங்கள் குழந்தைக்கு 13 மாதம் என்பதால் பாலூட்டும் இடைவேளைக்கு இன்னும் இரண்டே மாதம்தான் பாக்கி. மனுவை இந்த வாரமே கொடுங்கள்.

“இந்தச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது” என்று அலுவலகம் சொல்லிப் பார்க்கும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்த உமாதேவி வழக்கில் தமிழக அரசும் கிட்டத்தட்ட அப்படித்தான் வாதிட்டது. மகப்பேறு நலச் சட்டம் அந்த அரசு ஊழியருக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், அதன் நோக்கத்தை மனதில் வைத்தே அரசு தன் விடுப்பு விதிகளைப் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது விடுப்பு பற்றிய வழக்கு, ஷிப்ட் பற்றியது அல்ல. ஆனாலும் மனுவில் ஒரு வரி குறிப்பிட்டால் கோப்பைப் படிப்பவர் நிதானிப்பார்.

மனுவில் அழுது புலம்ப வேண்டாம். வேலையைக் கூறு போட்டுக் காட்டுங்கள். கவுன்டரில் புத்தகம் கொடுத்து வாங்குவதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டுத் தளத்தில் ஏற்றுவது, கோஹா என்ற நூலக மென்பொருளில் அட்டவணைப் பதிவுகளைத் திருத்துவது, ஆய்வேடுகளுக்குக் கருத்துத்திருட்டுச் சோதனை அறிக்கை எடுப்பது, மின்னிதழ்களுக்கு மாணவர்களின் கணக்கைத் திறந்துவிடுவது இவையெல்லாம் காலை 8 மணிக்கும் செய்யலாம், வீட்டிலிருந்தும் செய்யலாம். “காலை 8 முதல் மாலை 4 வரை ஆறு மாதத்துக்கு, அதன்பின் சுழற்சிக்குத் திரும்பிவிடுகிறேன்” என்று கால எல்லை போட்டுக் கேளுங்கள். எல்லை வைத்துக் கேட்டதை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. சக ஊழியரோடு பேசி வைத்து ஷிப்டை மாற்றிக்கொள்ளும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ எல்லா நூலகத்திலும் நடக்கிறது. நீங்கள் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறையில் நூலகருக்கான மதிப்பீட்டு அட்டவணையில் முதல் அளவுகோலே வருகை. வர வேண்டிய நாட்களில் 90 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ‘நன்று’, 80-க்குக் கீழே போனால் ‘திருப்தியில்லை’. பயோமெட்ரிக்கில் உங்கள் ஷிப்ட் 12 மணி என்று இருக்க, நீங்கள் 8 மணிக்குக் கைவைத்து 4 மணிக்குப் போனால், அது முன்கூட்டியே வெளியேறியதாகப் பதிவாகும். இரண்டு வருடம் கழித்துத் தேர்வுக் குழு முன் அந்தத் தாள்தான் பேசும். அன்று வாயால் சம்மதம் தந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். மாற்றம் கிடைத்தால் எழுத்து உத்தரவாகவே வாங்குங்கள். மகப்பேறு விடுப்பு நாட்களைக் கழித்துவிட்டே மதிப்பிட வேண்டும் என்று அதே ஒழுங்குமுறையின் ஆசிரியர் அட்டவணையில் தெளிவாக இருக்கிறது. அதே முறையை உங்களுக்கும் பின்பற்றக் கேளுங்கள்.

இனி பயிற்சி. உங்கள் கை ஓங்கியிருப்பது இதில்தான். முனைவர் பட்டம் உள்ள உதவி நூலகர் நான்கு ஆண்டுப் பணி முடித்தால் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் போகலாம். கூடவே 21 நாள் ஓரியன்டேஷனும், கணினிமயமாக்கல், மின்னாக்கம் போன்றவற்றில் குறைந்தது 5 நாள் பயிற்சியும் வேண்டும். இந்த இரண்டாவதை முடித்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2023-லேயே நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. தொடக்க அடிப்படை ஊதியம் நிலை 10-ல் 57,700 ரூபாய், நிலை 11-ல் 68,900. தகுதிகள் எல்லாம் என்றைக்கு நிறைவேறுகின்றனவோ அன்றிலிருந்துதான் பதவி உயர்வு கணக்கிடப்படும். உங்களை ரிலீவ் செய்யாத ஒவ்வொரு மாதமும் உங்கள் பையிலிருந்து போகும் பணம்.

பயிற்சிக்காகக் கல்வியாண்டுக்கு 30 நாள் வரை பணி விடுப்பு தரலாம் என்கிறது அதே யுஜிசி ஒழுங்குமுறை. “தரலாம்” என்பதைப் பிடித்துக்கொண்டு அது எங்கள் விருப்பம் என்பார்கள். விருப்பம்தான், ஆனால் ஆளுக்கொரு விதமாக அதைக் காட்ட சமத்துவத்தை உறுதி செய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 16-ஆம் பிரிவுகள் விடாது. உங்களுக்குப் பின்னால் சேர்ந்த இருவரை அனுப்பியபோது மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது? வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

யுஜிசி ஒழுங்குமுறை மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று இன்னொரு வாதம் வரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றிய கல்யாணி மதிவாணன் வழக்கில், 2015-ல், மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் அது மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தும் என்றது உச்ச நீதிமன்றம். 2018 ஒழுங்குமுறையின் பதவி உயர்வு விதிகளைத் தமிழக அரசு 2021 ஜனவரியில் அரசாணை போட்டு ஏற்றுக்கொண்டது. மனுவில் ‘பார்வை’ பகுதியிலேயே அந்த அரசாணையைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பயிற்சி மனு போடும் முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய். 2019 முதல் நூலகத்திலிருந்து யார் யார் எந்தப் பயிற்சிக்கு ரிலீவ் செய்யப்பட்டார்கள், உங்கள் இரண்டு விண்ணப்பங்கள் மீதும் என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று கோப்புக் குறிப்புகளின் நகலோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காக ஷிப்ட் மனுவைக் காக்க வைக்காதீர்கள். அதைப் பொறுப்பு நூலகர் வழியாகப் பதிவாளருக்கு உடனே அனுப்புங்கள், முன்நகலைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி மனு துணைவேந்தருக்கும் போகட்டும். அதில் அடுத்த பேட்ச் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்த மையத்தில் என்பதைக் குறிப்பிட்டு, அந்த பேட்சுக்கு ரிலீவ் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

நீதிமன்றத்துக்கு இப்போதே போகலாமா என்றால், வேண்டாம். இன்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் “மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்” என்று முதல் நாளிலேயே முடித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் பரிசீலித்து, முடியாது என்று எழுதும். அதை எதிர்த்து மறுபடி வழக்கு, மறுபடி கட்டணம். மனுவைப் பரிசீலிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு உத்தரவிடும் இந்தப் பழக்கத்தை 2008-ல் ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. எழுத்து மறுப்பு கையில் வந்தபின், அதை ரத்து செய்யவும் குறிப்பிட்ட பேட்சுக்கு அனுப்ப இடைக்கால உத்தரவு கேட்டும் போனால் விஷயம் நகரும். ஒரு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் அந்த மௌனத்தையே காட்டிப் போகலாம். அதைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் ஆறப்போட்டால், அதே ஜேக்கப் தீர்ப்பை உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். காலம் கடந்த கோரிக்கைக்குப் புது மனு உயிர் கொடுக்காது என்பதும் அதில் இருக்கிறது.

மனு கொடுத்தால் உறுப்புக் கல்லூரிக்குத் தூக்கியடிப்பார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஆனால் தபால் பிரிவு முத்திரையில் உள்ள தேதிக்கு அடுத்த வாரம் மாறுதல் உத்தரவு வந்தால், அதன் காரணத்தை நீதிபதியிடம் விளக்க வேண்டியது அவர்கள் பாடு.