டையை விட்டு மருதாணிக்கு மாறலாமா? – வாசகர் கேள்வி பதில்

எனக்கு 52 வயசுங்க. மாசம் ஒரு தடவை டை அடிச்சுட்டு இருக்கேன். இப்போ நெத்தி ஓரமும் காதுக்குப் பின்னாலயும் அரிக்குது. மருதாணிக்கு மாறினா தலை செம்பட்டையாத் தெரியும்கறாங்க. கறுப்பாவே வர வழி இருக்குதுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இருக்கிறது. ஆனால் ஒரே பூச்சில் வராது. மருதாணி இலையின் சாயம் நரையில் ஏறினால் செம்பு நிறம்தான். அதைக் கறுப்பாக்குவது அவுரி இலைப் பொடி. முதலில் மருதாணி, அதன்மேல் அவுரி. அவுரியை நேராக நரையில் பூசினால் நீலமோ பச்சையோ அடிக்கும்.

அதற்கு முன், அரிப்பு டையால் வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். டையை இன்றே நிறுத்துங்கள். கண் இமை வீங்கினாலோ தோலில் நீர் கசிந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். தோல் முழுக்க ஆறும்வரை தலையில் எதையும் பூச வேண்டாம். ஆறிய பிறகு மருதாணி, அவுரி இரண்டையும் தனித்தனியாகக் குழைத்து முழங்கையின் உள்பக்கம் சிறு பொட்டாக வைத்து, 48 மணி நேரம் பாருங்கள். இலைப்பொடியும் சிலருக்குச் சேராது. சீப்பில் வரும் முடியைச் சேர்த்து ஒரு கொத்தாகக் கட்டி, அதிலும் பூசிப் பாருங்கள். பழைய டையில் உலோக உப்பு இருந்திருந்தால் முடி பச்சையடிக்கும், மொரமொரப்பாகும். அது தலையில் நடப்பதைவிடக் கொத்தில் நடக்கட்டும்.

தோள் வரை முடிக்கு ஒவ்வொன்றிலும் 100 கிராம், இடுப்பு வரை என்றால் 200 கிராம் வேண்டும். 100 கிராம் மருதாணிப் பொடியைக் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 300 மில்லியும் சிறுகச் சிறுக ஊற்றி, இட்லி மாவுப் பதத்தில் குழைத்து மூடுங்கள். சித்திரை வெயிலில் நான்கைந்து மணி நேரம் போதும்; மார்கழியில் இரவு முழுக்க ஊறட்டும். மேல்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால் சாயம் இறங்கிவிட்டது.

முந்தின நாளே அரப்புப் போட்டுத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் இருங்கள். கையுறை போட்டு, வகிடு வகிடாகப் பிரித்து வேரிலிருந்து தடிமனாகப் பூசி, காயாமல் இருக்க உறை கட்டி 2 முதல் 3 மணி நேரம் விடுங்கள். வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

அவுரியை முன்கூட்டியே ஊற வைக்கவே கூடாது. அலசி முடித்தபின் 100 கிராம் பொடியில் அரைத் தேக்கரண்டி உப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும் சேர்த்துக் குழையுங்கள். இதில் எலுமிச்சை, தயிர் போன்ற புளிப்பு எதுவும் கூடாது. 10 முதல் 15 நிமிடத்தில் மேலே ஊதா மினுமினுப்பு வரும். உடனே ஈர முடியில் பூசுங்கள்; தாமதித்தால் சாயம் செத்துவிடும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் முதலில் கரும்பச்சையாகத் தெரியலாம். பயந்துபோய் ஷாம்பு போட்டுவிடாதீர்கள். காற்றுப் பட்டுக் கறுப்பாக இரண்டு நாள் ஆகும். அதுவரை அரப்பும் வேண்டாம். அதனால் கல்யாணம் போன்ற விசேஷத்துக்குப் போவதென்றால் மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேரில் வளர்ந்த நரைக்கு மட்டும் போதும். ஒவ்வொரு தடவையும் நுனிவரை பூசினால் முடி விறைத்துப்போகும்.

"கறுப்பு மருதாணி"ன்னு பாக்கெட்ல கிடைக்குது. முக்கால் மணி நேரத்துல கறுத்துருது. அது போதாதுங்களா? நான் சாயப்பட்டறையில வேலை செய்யறவன்.
– வாசகர், திருப்பூர்

கறுப்பு மருதாணி என்று ஒரு செடியே கிடையாது. ஒரே பூச்சில், குறைந்த நேரத்தில் நரை கறுத்தால் அந்தப் பாக்கெட்டில் பெரும்பாலும் பி.பி.டி. என்கிற பாரா ஃபினைலீன் டயமின் இருக்கும். டையில் அரிப்பைக் கிளப்புவதும் பெரும்பாலும் அதுவேதான். மூலப்பொருள் பட்டியலில் அந்தப் பெயரையும், சோடியம் பிக்ரமேட், பேரியம் பெராக்சைடு ஆகியவற்றையும் தேடுங்கள். பட்டியலே இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். உங்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை: பி.பி.டி. சேராதவர்களுக்குச் சில துணிச் சாயங்களும் சேராமல் போகலாம். தலையில் பூசியதால் வரும் ஒவ்வாமை உங்கள் பிழைப்பிலும் கை வைத்துவிடும்.

நாட்டு மருந்துக் கடையில் அவுரி கேட்கும்போது தலைச்சாயத்துக்கு என்று சொல்லியே வாங்குங்கள். நில அவுரி, நிலாவாரை என்பவை பேதிக்குக் கொடுக்கும் இலை. அதில் கறுப்பு வராது. ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, கால் மணி நேரத்தில் நீலப் படலம் கட்டினால் அவுரிதான்.

முட்டை, தயிர், விளக்கெண்ணெய் எல்லாம் கலந்தும் நரை மட்டும் ஆரஞ்சாவே நிக்குது. ஏனுங்க?
– வாசகி, பல்லடம்

அவற்றைக் கலப்பதால்தான். மருதாணிச் சாயம் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். முட்டையும் தயிரும் இருந்தால் முடிக்குப் போக வேண்டிய சாயம் கிண்ணத்திலேயே அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் முடிமேல் படலம் போட்டுத் தடுக்கிறது. உங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் முடியில் படியும் சுண்ணாம்பும் ஒரு தடைதான். குழைக்கக் குடிதண்ணீர் எடுங்கள். அலசிய அன்றைய ஆரஞ்சு இரண்டு மூன்று நாளில் தானாகவே கருஞ்சிவப்பாக இறங்கும். அதற்கும் மேலே கறுப்பு வேண்டுமென்றால் அவுரிதான் வழி.

வீட்டிலேயே மருதாணி மரம் இருக்குது. பச்சை இலையை அரைச்சுப் போடலாமா? ஜி6பிடி குறைபாடு இருக்கற எம் பையனும் கேக்கறான்.
– வாசகி, பொள்ளாச்சி

பையனுக்கு வேண்டாம். ஜி6பிடி என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ளவர்களுக்கு மருதாணி அந்த அணுக்களை உடைக்கக்கூடும்; கைக்கும் வைக்காதீர்கள்.

உங்களுக்குப் பச்சை இலை ஆகும், ஆனால் திப்பி முடியில் சிக்கி அலசுவது பெரும்பாடு. நிழலில் காயவைத்துப் பொடித்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். வெயிலில் காயப்போட்டால் இலை வெளுத்துச் சாயம் குறைந்துவிடும்.