சம்பந்தத்தால் முடியுமா வழக்கு?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் வரலாற்றில் முதுகலை படிக்கும் 24 வயதுப் பெண். அரிசி ஆலை தொடர்பாக அப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் இரண்டு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. சம்பந்தம் செய்துகொண்டால் பகை தீர்ந்துவிடும் என்று உறவுப் பெரியவர்கள் கூட்டாளியின் மகனுக்கு என்னைக் கேட்கிறார்கள். மறுத்தால் குடும்பத்தைக் கெடுத்தவள் என்ற பழி வருமோ என்று உறக்கமின்றித் தவிக்கிறேன். படிப்புக்காக அமர்னா மடல்களை, அதாவது எகிப்தின் அமர்னாவில் கிடைத்த பழங்கால அரசர்களின் களிமண் பலகைக் கடிதங்களை, வாசித்துவருகிறேன். எகிப்திய மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப்புக்குக் கொடுக்கப்பட்ட தன் சகோதரி உயிரோடிருக்கிறாளா என்று பாபிலோன் மன்னன் கடஷ்மான்-என்லில் கேட்கிறான். அரண்மனையில் காட்டப்பட்டவள் அவள்தானா என்று தூதர்களுக்குத் தெரியவில்லை. அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்து அழுகிறேன். இது மிகையான அச்சமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மிகை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கேள்விக்கு அமென்ஹோதெப் எழுதிய பதிலில் அவளுடைய பெயர்கூட இல்லை. அவளை அறிந்த பெரிய மனிதரை ஏன் அனுப்பவில்லை என்ற குதர்க்கமும், அண்டை நாட்டாரிடம் பொன் பெறத்தானே பெண் கொடுக்கிறாய் என்ற ஏளனமும் இருக்கின்றன. இத்தனைக்கும் அவன் தன் நாட்டு இளவரசியை வெளியே கொடுக்க மறுத்தவன். கொள்வினை உண்டு, கொடுப்பினை கிடையாது.

ஆனால் உங்கள் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. பின்னாளில் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராமேசஸ் தன் ஆட்சியின் 5ஆம் ஆண்டில் சிரியாவின் காதேஷில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளோடு போரிட்டான். 21ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 1259 அளவில், உடன்படிக்கை செய்துகொண்டான். ஹிட்டைட் இளவரசியை மணந்ததோ 34ஆம் ஆண்டில்தான். பகையைத் தீர்த்தது அந்தப் பெண் அல்ல, 13 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடித்த உடன்படிக்கை. வழக்கு தீராமல் நீங்கள் அந்த வீட்டுக்குப் போனால், ஆலையில் எழும் ஒவ்வொரு பிணக்குக்கும் நீங்களே பிணையாக நிற்க நேரிடும்; இன்று உங்களை வாட்டும் குற்றவுணர்வு அங்கே இன்னும் கூடும்.

அந்த இளவரசியின் தாயான ஹிட்டைட் அரசி புதுஹேபாவை எனக்கு மிகவும் பிடிக்கும். மணப்பேச்சு நடந்தபோதே, எகிப்துக்குப் போன பாபிலோன் இளவரசியைக் காணச் சென்ற தூதர்களை வெளியே நிறுத்தினார்களாமே என்று ராமேசஸுக்கே எழுதியவள் அவள். உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பையனைப் பற்றியும் இல்லை. முதலில் அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வழக்கைச் சமரச மையத்தில் தீர்த்துக்கொள்ளும்படி இருவருமாக அப்பாவிடம் கேளுங்கள். அது எழுத்தில் முடிந்த பிறகும் இந்தச் சம்பந்தத்தை யாரேனும் பேசினால், அப்போது அந்தப் பையனை நேரில் பார்த்துப் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.