மாடு மேய்க்காத கௌபாய்கள்

கேள்வி: ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ என்னும் அமெரிக்க கௌபாய் இசைக்குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவரும் மாட்டுப் பண்ணையிலிருந்து வந்தவர் இல்லை. அவர்கள் விலகிய பிறகும் குழு அதே பெயரில் பாடிக்கொண்டிருந்தது. இது ஏமாற்று வேலைதானே?

பதில்: வியாபாரம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஏமாற்று என்றால் இல்லை. 1933இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒன்றுசேர்ந்த அந்த மூவரில், லெனர்ட் ஸ்லை ஒஹையோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து பீச் பழம் பறித்தவர். பாப் நோலன் கனடாவில் பிறந்து, கோல்ஃப் மைதானத்தில் பிறர் மட்டைப் பையைச் சுமந்தவர். டிம் ஸ்பென்சர் கடைக் கிடங்கில் வேலை பார்த்தவர். ‘பயனியர் ட்ரியோ’ என்றிருந்த பெயரை மாற்றிச் சொன்னவர் ஒரு வானொலி அறிவிப்பாளர். முன்னோடிகள் எனச் சொல்ல இவர்களுக்கு வயது போதாது, மைந்தர்கள் என்றால் பொருந்தும் என்பது அவர் கணக்கு. ஆக, தாங்கள் அந்த முன்னோடிகள் அல்லர் என்ற ஒப்புதல் பெயரிலேயே இருக்கிறது.

நோலன் இளமையில் அரிசோனாவின் டூசான் நகரில் வாழ்ந்து பாலைவனத்தைக் கண்ணாரக் கண்டவர். அவருடைய ‘கூல் வாட்டர்’ பாடலில், கோவேறு கழுதையோடு வறண்ட நிலத்தில் நடக்கும் ஒருவன் கானலைத் தண்ணீரென்று மயங்குகிறான். முதன்மைக் குரல் ‘தண்ணீர்’ என்று முடிக்கும் இடத்தில் மற்றக் குரல்கள் அதே சொல்லை எட்டத்திலிருந்து கேட்பதுபோல் திருப்பிச் சொல்கின்றன. அதைப் பாட வேண்டியது தாகம் தெரிந்த தொண்டை. மாடு மேய்த்ததற்கான சான்றிதழ் அன்று. (அவருடைய இன்னொரு புகழ்பெற்ற பாட்டில் காற்றில் உருண்டோடும் முட்புதரே, 1870களில் ரஷ்யாவிலிருந்து ஆளிவிதையோடு கலந்து அமெரிக்கா வந்த அந்நியச் செடிதான்.)

ஆட்கள் மாறியது உண்மை. ஸ்லை 1937இல் சினிமாவுக்குப் போய் ராய் ரோஜர்ஸ் என்ற பெயரில் கௌபாய் நடிகர் ஆனார். நோலனும் ஸ்பென்சரும் 1949இல் விலகினர். கிட்டார் கலைஞர் கார்ல் ஃபார் 1961இல் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இறந்தார். ஆனால் 1936இல் சேர்ந்த லாயிட் பெரிமன், 1977இல் தாம் இறக்கும்வரை அந்தக் குரலிசைவைக் கட்டிக்காத்தார். 1956இல் வெளியான ஜான் ஃபோர்டின் ‘த சர்ச்சர்ஸ்’ படத்தின் தொடக்கப் பாட்டைப் பாடியது இக்குழுதான். அதற்கு முன்பே நிறுவனர் மூவரும் குழுவைவிட்டு விலகியிருந்தனர். கேட்டுப் பாருங்கள், எந்தக் குரல் குறைகிறதென்று உங்களால் சொல்ல முடிகிறதா?

நீங்கள் வேறொரு குற்றச்சாட்டை வைத்திருந்தால் நான் திணறியிருப்பேன். அசல் கௌபாய்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு; கயிறு வீசி மாடு பிடிக்கும் வித்தையோ மெக்சிகோக்காரர்களிடம் கற்றது. வானொலியும் சினிமாவும் அந்த நாளில் கொண்டாடிய பாடும் கௌபாய்களில் பெரும்பாலோர் வெள்ளையர்களே.